சர்வர்! ஒரு கனெக்‌ஷன்!

'சர்வர்' என்றதும் தோளில் துண்டும் கையில் காபியுமாக ஓடி வருகிறவர்தானே உங்கள் நினைவுக்கு வருகிறார்? எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் மருமகள் வீட்டுக்கு வரும் வரையில்.

அவள் கவனித்துக்கொள்ளும் சர்வரின் பெயர் வெப்ஸ்பியர். ஐ.பி.எம். கம்பெனி 1998-ல் வெளியிட்டது. கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது அதன் உத்தியோகம். ஆனால் கணக்கு வழக்கு அதனிடம் இல்லை. டேட்டாபேஸ் என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழி போட்டுக் கொடுப்பது இவள் வேலை.

ஒரு நாள் இரவு ஆறு சர்வர்களுக்கு அப்படி வழி போட வேண்டியிருந்தது. குழந்தைக்கோ ஜுரம். ஒரு கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் ஒவ்வொரு சர்வரிலும் அதே கட்டங்களை நிரப்பினாள். விடிந்ததும் ஐந்து வேலை செய்தன. ஆறாவதில் 50000 என்ற எண்ணுக்கு ஒரு சைபர் குறைந்துவிட்டது!

"இனிமேல் கையால் செய்வதில்லை, அத்தை. எழுதி வைத்துவிடப் போகிறேன்" என்றாள்.

எழுதுவது என்றால் சமையல் குறிப்பு மாதிரிதான். 'டபிள்யூஎஸ்அட்மின்' என்ற கருவி அதை வரி வரியாகப் படித்து அப்படியே செய்யும். பாஷைக்குப் பெயர் ஜைதான். வரிசையைக் கேளுங்கள்.

முதலில், களஞ்சியத்துக்குள் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும். இரண்டாவது, 'ஜேடிபிசி புரொவைடர்'. எந்த ஜாதி டேட்டாபேஸ், அதோடு பேசும் டிரைவர் எங்கே இருக்கிறது என்ற விவரம். மூன்றாவது, 'டேட்டா சோர்ஸ்'. களஞ்சியத்தின் விலாசமும், அதைக் கூப்பிட ஒரு பெயரும். நான்காவது, ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே போய் வரலாம் என்ற கணக்கு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்துப் பேர். பதினோராவது ஆள் 180 விநாடி வரை வாசலில் நிற்பான், அப்புறம் பிழை என்று திருப்பி அனுப்பப்படுவான்.

எல்லாம் எழுதி ஓட்டினாள். ஒரு பிழையும் வரவில்லை. மேலதிகாரிக்கு 'முடிந்தது' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை! கடைசியில் 'அட்மின்கான்ஃபிக்.சேவ்' என்று ஒரு வரி எழுத மறந்துவிட்டாளாம். அது இல்லாவிட்டால் செய்த மாறுதலெல்லாம் போயே போச்சு. பாலைக் காய்ச்சி, உறை குத்த மறந்த கதைதான்.

இப்போது அவள் குறிப்பில் சேவ் இருக்கிறது. அதற்கடுத்து, உண்மையிலேயே களஞ்சியம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட் கனெக்‌ஷன்' வரியும் இருக்கிறது. அது சரி என்று சொன்ன பிறகுதான் 'முடிந்தது' என்று வாயைத் திறக்கிறாள்.

இன்னொரு விஷயம். குறிப்பை நாலு பேர் பார்ப்பார்கள். அதில் பாஸ்வேர்டை எழுதலாமா? கூடாது. தனிக் கோப்பில், வேறு யாரும் திறக்க முடியாதபடி வைத்து, ஓடும் நேரத்தில் எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். சர்வர் தானே அதை மறைத்து வைக்காதா என்று கேட்டேன். "வைக்கும், அத்தை. ஆனால் சாதாரணமாக வைப்பது பூட்டு இல்லை, திரைச்சீலை. தெரிந்தவன் விலக்கிப் பார்த்துவிடுவான்" என்றாள். வீட்டுச் சாவியைக் கால்மிதியின் கீழ் வைக்கிறோமே, அந்த ரகம்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ராத்திரி வேளையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஒரு நிமிஷம்" என்று சொல்லும் பெண் இருக்கலாம். சாப்பாடு ஆறுகிறதே என்று கோபிக்காதீர்கள். தட்டை மூடி வைத்துவிட்டு, "சேவ் பண்ணினாயா, கண்ணு? டெஸ்ட் பண்ணினாயா?" என்று கேளுங்கள். முதலில் திகைப்பாள், அப்புறம் சிரிப்பாள். ஒரு நாள், நீங்கள் கேட்டதால்தான் நினைவு வந்தது என்றும் சொல்வாள். என் மருமகள் போன வாரம் சொன்னாள்!