பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு தேவைதானா?

மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடினால், எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் முகம் எப்படி மாறும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மறுநாளே பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். "பழைய மிஷின் அண்ணாச்சி, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும்" என்கிறார். நம் கடையிலும் அந்த யோசனையைக் கேட்டு கார்டு வாங்கினோம். மிஷின் பறக்கவில்லை, பழைய நடையே நடந்தது.

கிராபிக்ஸ் கார்டின் வேலை திரையில் படம் வரைவது. பில் போடும்போது நடப்பதோ வேறு. சரக்குப் பட்டியலில் பெயரைத் தேடி, விலையை எடுத்து, இருப்பைக் கழித்து டிஸ்கில் எழுத வேண்டும். இதில் கார்டுக்குப் பங்கே இல்லை. பத்து வருஷத்து மிஷினிலும் பிராசசருடன் சேர்ந்தே வரும் கிராபிக்ஸ், பில் திரைக்குத் தாராளம். தாமதம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்கிலும் 4 ஜிபி மெமரியிலும்தான் இருக்கிறது. டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டு, மெமரியை 8 ஜிபி ஆக்கிய பிறகே நம் கல்லா மேஜைக்கு நிம்மதி வந்தது.

கார்டு போட்டால் விண்டோஸ் 11 ஏறும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது உண்மைதான். ஆனால் பழைய மிஷினில் தடையாக நிற்பது பெரும்பாலும் பிராசசரும், டிபிஎம் 2.0 இல்லாததும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறார்கள். கார்டு அதை மாற்றாது.

அப்படியானால் கார்டே வேண்டாமா? வேண்டிய கடைகளும் உண்டு. வாடிக்கையாளர் பக்கம் இரண்டாவது திரை வைக்க வேண்டும், மதர்போர்டில் ஒரு சாக்கெட்தான் இருக்கிறது என்றாலோ, அந்த சாக்கெட்டே பழுதானாலோ வாங்கலாம். வீட்டுப் பிள்ளை அதே மிஷினில் சலுகை விளம்பர வீடியோ தயாரித்தாலும் பயன்படும்.

வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டின் பெரிய ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் ஓடும், தனியாகப் பவர் ஒயர் கேட்காத கார்டே நம் பழைய பவர் சப்ளைக்கு ஏற்றது. ஒல்லியான கேபினட் என்றால் உயரம் குறைந்த 'லோ புரொபைல்' கார்டைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி மூடாது. நமக்கு அதுவும் நடந்தது!

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து. ஜிடி 1030 என்ற கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. மறு வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதலாவது வினாடிக்கு 48 ஜிபி கடத்தும்; இரண்டாவது 17-ஐக்கூட எட்டாது. ஒரே முத்திரை மூட்டையில் இரண்டு ரகப் பருப்பு என்றால் நாம் விடுவோமா? அட்டைப்பெட்டியின் ஓரத்தில் உள்ள எழுத்தையும் படித்துவிட்டுத்தான் பணம் தர வேண்டும்.

எத்தீரியம் நாணயத்துக்கான மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபின், அதில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. ரிச்சி தெருவோ வேறு எந்தச் சந்தையோ, மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை எடுக்க வேண்டாம். பெரும்பாலும் தனிப் பவர் ஒயர் கேட்கும் ரகங்கள் அவை.

பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே கூடாது. நம் ஜிஎஸ்டி எண் போட்ட பில் இருந்தால் கடைக்கென வாங்கும் கார்டின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் வாரன்டிக்கு அந்தப் பில்தான் சாட்சி. நாம் வாங்கிய அந்தக் கார்டு பில் இல்லாததால் திருப்பவும் முடியாமல், எடைக்கல் வைக்கும் அலமாரியில் இன்னும் கிடக்கிறது.