கைநாட்டு வாங்கினால் கற்பித்ததாகுமா?

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா ரஸ்தாவில் போகிறவர்கள், ஆந்திர எல்லை வருவதற்குச் சற்று முன்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைக் கண்டிருப்பார்கள். திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள இந்த இடத்தில் இரும்பு உருக்கும் உலைகளும், வார்ப்படச் சாலைகளும், ரசாயனச் சாலைகளும் இருக்கின்றன. அவைகளில் பாடுபடுகிறவர்கள் தமிழர்கள் மாத்திரமல்ல. பீகார், ஒடிசா முதலிய ராஜ்யங்களிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காக வந்த ஏழை மக்களும் ஏராளம். இவர்களுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்கிறவர்கள் சிலராவது உண்டு. ஆனால் இவர்களுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று கவலைப்படுகிறவர்களை நாம் அதிகமாகக் காணவில்லை. கற்பிப்பதற்கும் தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சட்டமே சம்பந்தப்படுத்தி வைத்திருக்கிறது என்பதுதான் நமது பதில்.

1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடிக் கொள்ளுங்கள் என்கிற ஒரு வார்த்தையை அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தால் அநேகம் பேர் பிழைத்திருக்கக்கூடும் என்று பிற்பாடு பலர் எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. இவ்வளவு பேர் செத்த பிறகுதான் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை 1987-ல் திருத்தினார்கள். ஆபத்தான தொழிலை நடத்துகிறவர்கள் அதிலுள்ள அபாயங்களையும், உடல்நலக் கேடுகளையும், தப்பும் வழிகளையும் தொழிலாளிக்கும் சுற்றுப்புறத்து ஜனங்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று 41-பி பிரிவும், ரசாயனங்களோடு பழகுகிறவர்களின் ஆரோக்கியக் குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைத்து அவர்கள் பார்ப்பதற்கு இடங்கொடுக்க வேண்டுமென்று 41-சி பிரிவும், தன் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்து கொள்வதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று 111-ஏ பிரிவும் சேர்ந்தன. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பேர் மாறினாலும், தெரிந்து கொள்ளும் உரிமை அதிலும் இருக்கவே இருக்கிறது.

நிற்க. காகிதத்திலுள்ள இந்த உரிமை உலைவாயிலில் நிற்கிறவனிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? வேலைக்கு வந்த முதல் நாள் பத்து இருபது பேரை ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் இங்கிலீஷிலோ தமிழிலோ உள்ள விதிகளைக் கடகடவென்று வாசிப்பார். பிறகு ஒரு புஸ்தகத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். பயிற்சி முடிந்தது! நாளைக்கு ஒருவன் கை போய்விட்டால் அந்தப் புஸ்தகம்தான் கோர்ட்டுக்கு வரும். அப்படியானால் அந்தக் கைநாட்டு தொழிலாளியைக் காப்பாற்றவா, முதலாளியைக் காப்பாற்றவா? எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு நம்மீது கோபம் வர நியாயமில்லை.

ஒருவன் வாசித்தது மற்றவன் காதில் விழுந்தால் அவன் கற்றுக் கொண்டான் என்பது எந்தக் கல்வி முறை? சாக்ஷாத் நம் நாட்டுப் புரோகிதக் கல்வி முறையேயாகும். கல்யாணத்திலும் கருமாதியிலும் அர்த்தம் தெரியாத பாஷையில் ஐயர் சொல்லுவதை நம் ஆள் திருப்பிச் சொல்லிவிட்டுத் தட்சணையும் கொடுக்கிறானல்லவா? கேட்டுத் தெரிந்து கொள்ள ஆசைப்பட்டவன் கதி என்ன? வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லுகிறது கவுதம தர்ம சூத்திரம். இன்று ஈயத்தை ஊற்றுவாரில்லை. புரியாத பாஷையை ஊற்றுகிறார்கள்.

மனிதன் எப்படிக் கற்கிறான் என்பதை மேல்நாட்டார் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எபிங்காஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு சீக்கிரத்தில் மறந்து போகிறதென்று கணக்கெடுத்து 1885-ல் வெளியிட்டார். பெரும்பகுதி ஒரு நாளைக்குள்ளாகவே ஓடிவிட்டது. முதல் நாள் வாசித்த விதி மூன்றாம் மாதம் இராத்திரி ஷிப்டில் ஞாபகம் வருமா? அமெரிக்காவில் பண்டூரா என்பவர் 1961-ல் செய்த சோதனையில், பெரியவர்கள் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதேமாதிரி அடித்தன. ஆகவே, நேரம் மிச்சமாகட்டும் என்று மேஸ்திரி மிஷினின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தால், புதுப் பையன் கற்றுக் கொள்வது அதைத்தானே தவிர, சுவரில் தொங்கும் போர்டையல்ல.

பிரேசில் தேசத்துப் பவுலோ ஃபிரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 ஏழைத் தொழிலாளிகளுக்கு ஏறக்குறைய 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவு கொடுத்தார். அவருடைய முறை, தொழிலாளியின் கை தொட்ட சொல்லிலிருந்து ஆரம்பிப்பது. செங்கல் என்று எடுத்துக்கொண்டால், இதை யார் அறுக்கிறார்கள், யார் வீட்டுக்குப் போகிறது என்று முதலில் பேசவிடுவார், அப்புறந்தான் எழுத்து. 1964-ல் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டு, பிறகு நாட்டை விட்டே போகும்படி செய்தார்கள். செங்கல்லைப் பற்றி ஏழையை யோசிக்கச் சொல்வது அவ்வளவு பெரிய குற்றம் போலும்! நம் திருவள்ளூர் ஜில்லாவிலும் செங்கற்சூளைகளுக்குக் குறைவில்லை. அங்கு வேலை செய்ய வந்த ஒடிசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா பாஷையிலேயே பள்ளி நடத்திக் காட்டியதும் இதே ஜில்லாவில்தான். பிள்ளைக்கு அவன் பாஷையில் சொல்ல முடிந்தபோது தகப்பனுக்கு மாத்திரம் ஏன் முடியாது?

"அவர்கள் படிக்காதவர்கள், சொன்னாலும் ஏறாது" என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அதே படிக்காதவன்தான் வந்த சில நாட்களுக்குள் உலைக்கு எப்போது இரும்பு போடுவது, எப்போது கசடு எடுப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு உற்பத்தி செய்து கொடுக்கிறான். லாபத்துக்கு வேண்டியது ஏறுகிறது, உயிருக்கு வேண்டியது ஏறாது என்றால் இதை யார் நம்புவது? உற்பத்தியைக் கற்பிக்கும்போது செய்து காட்டுகிறார்கள், அவனைச் செய்யச் சொல்லுகிறார்கள், தவறினால் திருத்துகிறார்கள். பாதுகாப்புக்கு மாத்திரம் வாசிப்பும் கைநாட்டும். இதற்குப் பதிலாக ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்துவிட்டால் ஆபத்து வராதாம். வந்துவிட்டால், இருக்கவே இருக்கிறது தலைவிதி. விதியின் பேரில் யாரும் நஷ்ட ஈட்டுக்கு வழக்குப் போட முடியாதல்லவா!

ஆஸ்பத்திரி சங்கதியும் இதுவே. 2008 ஜனவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒரு டில்லி வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட 44 வயது ஸ்திரீயின் கர்ப்பப்பையை, அவருடைய தாயாரிடம் மாத்திரம் சம்மதம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். இது செல்லாது, சிகிச்சை இன்னது, அதன் பலன் இன்னது, அபாயம் இன்னது, வேறு வழி இன்னது என்று நோயாளிக்கே தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்று தீர்ப்பு. 44 வயதான பெண்ணின் உடம்புக்கு இன்னொருவர் எஜமானர் ஆக முடியாது என்பதைச் சொல்ல ஒரு சுப்ரீம் கோர்ட்டு தேவைப்பட்டது. அப்படியிருக்க, இங்கிலீஷில் அச்சடித்த சம்மதப் பத்திரத்தில் ஒரு பீகார்த் தொழிலாளி வைக்கும் கைநாட்டு எதற்குச் சம்மதம்? 2022 முதல் திருவள்ளூரிலேயே சர்க்கார் மெடிகல் காலேஜ் இருக்கிறது. அங்கு படிக்கிற நம் பிள்ளைகளுக்கு எலும்பின் பேர்களை உருப்போட வைப்பதோடு, நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி, "நான் சொன்னதை நீங்கள் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்று கேட்கவும் பழக்கலாம். அவன் சொன்னது தப்பானால், மறுபடி வேறுவிதமாகச் சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். பயிற்சிப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி, உலையடியில் நிற்கிறவனைத் தனியே கூப்பிட்டு, "இது வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவாய்? இந்தப் புகை உன் நெஞ்சை என்ன செய்யும்?" என்று அவன் பாஷையில் கேட்கட்டும். அவன் விழித்தால், பயிற்சி கொடுத்தாய்விட்டது என்று புஸ்தகத்தில் எழுதியவர்மேல் வழக்குத் தொடரட்டும்.