காபி டம்ளரோடு நின்றது போதும்!

நான் 61 வயது குடும்பத் தலைவி. எங்கள் வீட்டில் 1986 மாடல் பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. 1990-ல் என் கணவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்புரேட்டரை ட்யூன் செய்வார். நான் காபி டம்ளரை நீட்டி, 'இட்லி ஆறுது, சீக்கிரம் வாங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, 'என்ன பண்றீங்க?' என்று கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

2022-ல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போவேன். கொஞ்ச நாளில் கார் தகராறு செய்ய ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். பின்னால் கறுப்புப் புகை. பெட்ரோல் வாடையில் இவருக்குக் குமட்டல். புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. இந்தக் காலத்துப் பழைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம்; எங்களுடையது தாண்டிவிட்டது.

ஒர்க் ஷாப்பில், பானட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, 'கார்புரேட்டரே போச்சும்மா. இன்ஜினையும் இறக்கிப் பாக்கணும், 18 ஆயிரம் ஆகும். வீட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்' என்றார்கள். பணத்தைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினேன். பாதி வாயால் சிரித்தவர், 'ஃபில்... டரு' என்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் இடது கையால் சைகை காட்ட, நான் திருப்புளியும் ஸ்பானரும் பிடித்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினால், அடை மாதிரி தூசி! ப்ளக்குகளில் கரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேஸ் அடுப்பில் காற்று சரியாகக் கலக்காவிட்டால் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்குமே, அதே சமாச்சாரம்தான்! கார்புரேட்டர் செய்வது, பெட்ரோலோடு காற்றைக் கலந்து அனுப்புகிற வேலை. காற்று குறைந்தால் கரி, புகை. அடுப்பு பர்னரைச் சுத்தம் செய்யத் தெரிந்த நமக்கு இது பிரம்ம வித்தையா என்ன?

புது ஃபில்டர் போட்டு, ப்ளக்கைச் சுத்தம் செய்து, காரை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். (மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே கூடாது. அந்த விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புடவைத் தலைப்பையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே சுற்றுகிறது.) பத்து நிமிஷம் ஓடி இன்ஜின் சூடானதும், சோக்கை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு ஆரம்பித்தோம். திருக வேண்டியது இரண்டே ஸ்க்ரூ. ஒன்று ஸ்லோ ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க. மற்றது, அந்த ஸ்லோ ஓட்டத்தில் பெட்ரோல் கலவைக்கு. கலவை ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருகினேன். இன்ஜின் திணறியது. வெளியே திருகினால் சீராகி, இன்னும் திருகினால் கனத்துத் தடுமாறியது. இரண்டுக்கும் நடுவில், ஒரே சுருதியில் ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறது. காதுதான் அளவுகோல். நான் தாண்டிப் போனால் இவர் நாற்காலிக் கையில் தட்டுவார். (உள்ளே இறுக்கி முறுக்கினால் ஸ்க்ரூவின் ஊசி முனை கெட்டுவிடும், ஜாக்கிரதை.) பிறகு முதல் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்தேன். மறுபடி கலவை, மறுபடி வேகம். முக்கால் மணி நேரம் ஆனது.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி இல்லை, லேசான காபி நிறம். 'இதான் வேணும்' என்று தலையை ஆட்டினார். புகைப் பரிசோதனையிலும் பாஸ்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஃப்ளோட், ஜெட் என்றால் இன்றும் கடைக்குத்தான் போகிறேன். இப்போது வருகிற புதுக் கார்களில் கார்புரேட்டரே கிடையாது, திருக ஸ்க்ரூவும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் அதிலும் ஏர் ஃபில்டர் உண்டு; கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க நமக்கு வாய் உண்டு. 'வித்துட்டு கால் டாக்ஸில போங்கம்மா' என்கிறான் மகன். இவர் காதில் அதைப் போட நான் தயாராக இல்லை.

என் ஆதங்கமெல்லாம் ஒன்றுதான். கை நன்றாக இருந்தபோதே இவர் சொல்லிக் கொடுத்திருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் பானட்டோ, தண்ணீர் மோட்டாரோ, ஃபியூஸ் கட்டையோ திறக்கும்போது, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பாருங்களேன்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வாசலில் பானட் திறக்கிறது. காபி ஆறிப்போய்விட்டதென்று இவர்தான் என்னைக் கோபித்துக்கொள்கிறார்.

- ஒரு வாசகி, திருச்சி