ஒரு போன் வந்தால் இறங்கும் பிரஷர்



நவம்பர் பிறந்தாலே குமரிக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் பல வீடுகளில் தூக்கம் குறைந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் கடந்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றாவது சொல்லுங்கள் என்று டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

மன அழுத்தம் பற்றி எழுதச் சொல்லி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் அந்தப் பேச்சைக் காத்திருப்பில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடலுக்குப் போனவர் வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். கரை மறைந்தால் செல்போனுக்கு டவர் கிடையாது. வளைகுடாவில் மகனுக்கு விசா புதுப்பித்தாயிற்றா என்று ஒரு வீட்டில் கவலை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று இன்னொரு வீட்டில். ரப்பர் வெட்டுகிறவருக்கோ, விடிவதற்குள் மழை விட வேண்டும். எல்லாமே முடிவு தெரியாத காத்திருப்பு.

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் கற்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் ஆட்களுக்கு வியர்வையும் மன அழுத்தமும் உச்சத்துக்குப் போயின. நம் கடற்கரைப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஷாக் வைக்காமலே சொல்லியிருப்பார்கள்.

ஆபத்து என்று மூளை நினைத்ததும் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் மந்தமாகும். ஓடித் தப்ப வேண்டிய பத்து நிமிடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு மாதம் நீண்டால்தான் வம்பு. அந்தச் சுரப்பி விடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறையாமல் நிற்க, தூக்கம் கெடும், பிரஷரும் சுகரும் ஏறும், நோய் எதிர்ப்பு சக்தி தளரும், சின்னப் புண் ஆறக்கூட நாளாகும். வயிறு எரிந்தால் 'கேஸ்' என்று மாத்திரை விழுங்கிவிட்டு நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கடலோர வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் பார்த்துச் சொல்லும் பிரஷர் அளவை அவர் காலண்டரில் குறித்து வைக்கிறார். கணவர் கடலில் இருக்கும் வாரங்களில் மேல் அளவு 150-ஐத் தாண்டுகிறது. "படகு தேங்காய்ப்பட்டணத்துல அடுத்தாச்சு" என்று போன் வந்த பிறகு பார்த்தால் 130. அவரிடம் போய் 'டென்ஷன் ஆகாதே, தைரியமா இரு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவருக்கு முதல் மருந்து சேதிதான். ஓகிக்குப் பிறகு சாட்டிலைட் போன், ஆழ்கடலிலும் சேதி தரும் நாவிக் கருவி என்றெல்லாம் வந்திருக்கின்றன. ஒவ்வொரு படகிலும் அவை வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதையும் நான் மனநலச் சிகிச்சையில்தான் சேர்ப்பேன். வீட்டில் செய்யக்கூடியதும் இதே வழிதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை 'நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்' என்பதைவிட, 'வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு' என்று சொன்னால் அம்மாவுக்கு மற்ற ஆறு நாளும் நிம்மதி.

மற்றபடி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நெஞ்சின் படபடப்பு தணியும். தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். சாயங்காலத்துக்குப் பிறகு கட்டன் சாயா வேண்டாம். ஆண்களுக்குத் தனியாக ஒன்று: குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதிதான் உண்மை, நடுராத்திரி முழிப்புத் தட்டுவதும் அதனால்தான். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு சேவை. இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

ஆள் வந்து சேரும்வரை உங்கள் வீட்டில் பொழுதை எப்படித் தள்ளுகிறீர்கள்? வலைக்கூடத்துப் பேச்சோ, ஜெபக்கூட்டமோ, பூக்கட்டுவதோ, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் ஊரை மட்டும் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்