‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்றால் போகலாமா, வேண்டாமா? நல்ல படத்துக்கும் மகத்தான படத்துக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. மதுரையில் காலைக் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் முதல் கேள்வி விழுகிறது: “மாப்ள, படம் எப்பிடி?”

பதிலும் உடனே வருகிறது: “நல்லாத்தான்டா இருக்கு. ஒரு தடவ பாக்கலாம்.”

அவ்வளவுதான். சாயங்காலம் போகலாம் என்று இருந்த நான்கு பேரில் மூன்று பேர் பின்வாங்கிவிடுவார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொன்ன ஒரு படத்துக்கு ஏன் யாரும் போகவில்லை?

இன்றைய தமிழ் சினிமாவில் அதிகம் அடிபடுவது மோசமான படங்கள் அல்ல, இந்த ‘பரவாயில்லை’ ரகப் படங்கள்தான். ‘வேற லெவல்’, ‘மொக்கை’ என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இவற்றுக்கு இடமே இல்லை. இவற்றை எப்படி எடை போடுவது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘பார்க்கலாம்’ எப்படி ‘வேண்டாம்’ ஆனது?

முதல் காரணம் காலண்டர். ‘மகாராஜா’ 2024 ஜூன் 14-ஆம் தேதி தியேட்டருக்கு வந்தது. ஜூலை 12 அன்று ஓடிடியில் இருந்தது. ‘மெய்யழகன்’ செப்டம்பர் 27-இல் இருந்து அக்டோபர் 25. ‘3 பிஎச்கே’ 2025 ஜூலை 4-இல் இருந்து ஆகஸ்ட் 1. ‘தலைவன் தலைவி’ ஜூலை 25-இல் இருந்து ஆகஸ்ட் 22. எண்ணிப் பாருங்கள், நான்குமே சரியாக 28 நாள். நான்கு வாரம் பொறுத்தால் வீட்டு சோபாவுக்கே படம் வந்துவிடும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். எனவே ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்பதை நம் காது ‘ஓடிடியில் பார்த்துக்கலாம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் பர்ஸ். உசிலம்பட்டியில் இருந்தோ மேலூரில் இருந்தோ ஒரு குடும்பம் மதுரைக்கு வந்து மல்டிபிளெக்ஸில் படம் பார்க்க வேண்டுமென்றால் நான்கு டிக்கெட், போக்குவரத்து, பார்க்கிங், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் நூறு ரூபாயைத் தாண்டினால் பழைய 18 சதவீதம்தான். இவ்வளவு செலவழித்துப் போகிறவர் ‘பரவாயில்லை’ படத்தை எதிர்பார்த்துப் போகமாட்டார். இதில் அவர் மேல் தப்பே இல்லை.

தப்பு, அந்த ஒற்றை வார்த்தைத் தீர்ப்பில் இருக்கிறது. எது நன்றாக இருந்தது, எங்கே சறுக்கியது என்ற தகவலே அதில் இல்லை.

சரி, ‘நல்ல’ படம் எங்கே நின்றுவிடுகிறது?

இதற்கு மதுரையே நல்ல உதாரணம் தருகிறது. (ஸ்பாய்லர் எச்சரிக்கை: ‘கருடன்’ இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.)

2008 ஜூலையில் வந்த ‘சுப்ரமணியபுரம்’, 1980-இல் நடக்கும் மதுரைக் கதை. சசிகுமாரின் முதல் படம். பாலிவுட் இயக்குநர் அனுராக் காஷ்யப் தன் ‘கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்’ படத்துக்கு உந்துதல் தந்தவர்கள் என்று பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் படத்திலேயே நன்றி சொன்னார். 2024 மே 31-இல் வந்தது ‘கருடன்’. துரை செந்தில்குமார் இயக்கம், தேனிப் பக்கக் கதை. மதுரைக்காரரான சூரிதான் நாயகன். இரண்டு படத்திலுமே சசிகுமாரும் சமுத்திரக்கனியும் இருக்கிறார்கள். இரண்டுமே நட்பு, விசுவாசம், அரசியல்வாதியின் பேராசை, கடைசியில் துரோகம் என்று போகும் கதைகள். ஒன்றை பதினெட்டு வருஷம் ஆகியும் பேசுகிறோம். இன்னொன்றை ‘நல்ல படம்ப்பா, சூரி பின்னிட்டார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஏன்?

‘கருடன்’ முதலில் ஒரு நல்ல கேள்வியைக் கையில் எடுக்கிறது. சின்ன வயதில் தனக்குச் சோறு போட்டவன் தப்பு செய்தால் சொக்கன் யார் பக்கம் நிற்பான்? சூரியின் கண்ணிலேயே அந்தத் தவிப்பு தெரிகிறது. ஆனால் ஆதியின் கொலைக்குப் பிறகு கேள்வி தீர்ந்துவிடுகிறது. கருணா முழுக்கக் கெட்டவன், சொக்கன் முழுக்க நியாயவான். அதன்பிறகு மிச்சம் இருப்பது பழிவாங்கல் மட்டுமே. அதை விறுவிறுப்பாகவே செய்கிறார்கள். கைதட்டுகிறோம். ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நம்மிடம் கேள்வி எதுவும் மிஞ்சவில்லை.

‘சுப்ரமணியபுரம்’ அந்த வசதியைத் தருவதில்லை. அழகரும் பரமனும் நம் ஆட்கள்தான். ஆனால் சும்மா சுற்றிக்கொண்டிருந்துவிட்டு யாருக்காகவோ கொலை செய்தவர்கள். துளசியைக் கெட்டவள் என்று ஒதுக்க முடியாது. காசியின் துரோகத்தில்கூட ஒரு சாதாரண மனுஷனின் பயமும் ஆசையும்தான் இருக்கிறது. யாரை மன்னிப்பது, யாரைத் திட்டுவது என்று படம் சொல்லவே இல்லை.

என் கணிப்பில் வித்தியாசம் இதுதான். நல்ல படம் ஒரு கேள்வியை எழுப்பி, நாம் சங்கடப்படுவதற்கு முன்பே பதிலையும் கொடுத்துவிடும். மகத்தான படம் அந்தச் சங்கடத்தோடேயே நம்மை வீட்டுக்கு அனுப்பும். நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று டெக்னிக்கலாகப் பார்த்தால் இரண்டிலும் குறை இருக்காது. அதனால்தான் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ மிஸ்ஸிங்’ என்று நாம் சொல்கிறோம்.

அந்த ‘என்னமோ’ வேறு படங்களில் எப்படி இருக்கிறது?

பாண்டிராஜின் ‘தலைவன் தலைவி’யைப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர் ஆகாசவீரனாக விஜய் சேதுபதி, பேரரசியாக நித்யா மேனன். புருஷன் பொண்டாட்டி சண்டையில் ரெண்டு குடும்பமும் புகுந்து எப்படிப் பெரிசாக்குகிறது என்பதை அச்சு அசலாகக் காட்டிய படம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஆனால் எவ்வளவு சண்டை போட்டாலும் இவர்கள் பிரியக் கூடாது என்று படம் முதலிலேயே முடிவெடுத்துவிட்டது. சேர்ந்தே இருக்க வேண்டுமானால் அந்த வீட்டில் எது மாற வேண்டும் என்ற கடினமான கேள்விக்குள் அது போகவில்லை. சத்தம் அதிகம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அந்தச் சத்தம் உறுத்தவில்லை. அது அடங்கிய பிறகு பேச வேண்டியதைப் பேசவில்லையே என்பதுதான் என் குறை.

ஸ்ரீகணேஷின் ‘3 பிஎச்கே’ வேலைக்குப் போகும் எவரையும் தொடும். சேமிப்பு ஒரு படி ஏறினால் வீட்டு விலை இரண்டு படி ஏறும். சரத்குமாரும் சித்தார்த்தும் அப்பா மகனாகவே தெரிந்தார்கள். ஆனால் கஷ்டங்கள் ஒவ்வொன்றும் அட்டவணை போட்டதுபோல் வருகின்றன. ‘ஒரு வீட்டுக்காக இத்தனை வருஷ வாழ்க்கையைக் கொடுப்பது சரிதானா?’ என்று ஒரு தடவையாவது அழுத்திக் கேட்டிருந்தால் படம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

‘மெய்யழகன்’ கதை தலைகீழ். இழந்த சொந்த ஊர், பெயர் ஞாபகத்துக்கு வராத ஒரு சொந்தக்காரன், ஒரு ராத்திரி. பிரேம்குமாரின் இந்தப் படம் மகத்தானதுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. நீளம் அதிகம் என்ற விமர்சனத்துக்குப் பிறகு, தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ 18 நிமிடத்தை வெட்டினார்கள். வேகம் கூடியது. ஆனால் அந்தப் படத்தின் உயிரே அவசரமில்லாத பேச்சில்தான் இருந்தது. ‘லேக் அடிக்குது’ என்ற ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

அப்படியென்றால் எல்லாப் படமும் மகத்தானதாக இருந்தே ஆகணுமா?

நிச்சயமாக இல்லை. தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’வை எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார் மருமகன் ஈகோ, உள்ளூர் கிரிக்கெட், அதற்குள் சாதி. எடுத்துக்கொண்ட அளவை முழுசாகச் செய்த படம். சின்ன இலக்கை வைத்து அதைத் தொட்ட படத்தையும், பெரிய இலக்கை வைத்துப் பாதியில் நின்ற படத்தையும் ஒரே ‘ஐந்துக்கு மூணு’க்குள் அடைப்பதுதான் ரேட்டிங்கின் பெரிய கோளாறு. இரண்டுக்கும் ஒரே மார்க் வரலாம். ஆனால் இரண்டும் ஒரே அனுபவம் இல்லை.

முதல் நாள் தீர்ப்பு எப்போதும் சரியாக இருப்பதும் இல்லை. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் பெரிதாகப் போகவில்லை. பிறகு டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள்.

விமர்சனத்தைத் தடுத்தால் சரியாகிவிடுமா?

தயாரிப்பாளர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். ‘கங்குவா’ வந்த கையோடு, தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் எடுக்கும் பப்ளிக் ரிவ்யூவுக்கு எதிராகப் பேச்சு கிளம்பியது. 2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில், முதல் மூன்று நாளுக்கு விமர்சனமே கூடாது என்ற கோரிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. கருத்துச் சொல்லும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதுதான் அடிப்படை. அது சரியான நிலைப்பாடும்கூட.

ஆனால் தயாரிப்பாளர்களின் பயம் பொய்யில்லை. பெரிய ஸ்டார் படம் மோசமான பேச்சையும் தாண்டி முதல் மூன்று நாள் வசூலை எடுத்துவிடும். நடுத்தர பட்ஜெட் படத்துக்கு அந்த மெத்தை கிடையாது. அதற்கு வாய்வழிப் பேச்சு மட்டும்தான் விளம்பரம். அது ‘பரவாயில்ல’ என்று முடிந்தால் திங்கள்கிழமை காட்சிகள் குறையும்; அடுத்த வெள்ளி வேறு படம் வந்துவிடும்.

மதுரையில் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிசு என்று பெருமை பேசிய அரங்கம் அது, இன்று இல்லை. ஒரு படம் வாரக்கணக்கில் ஓடி மெதுவாகத் தன் ஆட்களைக் கண்டுபிடிக்கிற காலமும் அதோடு போய்விட்டது. இன்று கிடைப்பது நான்கு வாரம். அதிலும் முதல் மூன்று நாள்தான் கணக்கு.

அப்போ நாம என்னதான் சொல்லணும்?

‘சுமாரான படத்துக்கும் போய்க் காசு கொடுங்கள்’ என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. உங்கள் காசு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் யாராவது ‘படம் எப்பிடி?’ என்று கேட்டால், ஒற்றை வார்த்தைக்குப் பதிலாக மூன்று விஷயம் சொல்லலாம்.

ஒன்று, படம் எதைச் செய்யப் பார்த்தது? சிரிக்க வைக்க வந்த படத்தைத் தத்துவம் இல்லை என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை.

இரண்டு, எந்த இடத்தில் கைவிட்டது? ‘செகண்ட் ஹாஃப் வீக்’ என்பது போதாது. எந்தக் காட்சியில் உங்கள் கவனம் போனது என்று சொல்லிப் பாருங்கள். காரணம் தானாகப் பிடிபடும்.

மூன்று, ஒரு வாரம் கழித்து என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு முகமா, ஒரு கேள்வியா, பாட்டு மட்டும்தானா?

“சூரிக்காகவே போகலாம்டா. மொத பாதி செமையா இருக்கு. கடைசில வழக்கமான பழிவாங்கல்தான், அதை மட்டும் எதிர்பார்த்துட்டுப் போ.” டைப் பண்ணப் பத்து செகண்ட் ஆகும். இதைப் படித்துவிட்டு நண்பர் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் எதற்குப் போகிறோம், எதற்குப் போகவில்லை என்று தெரிந்து முடிவெடுப்பார். அந்தப் படம் செய்த வேலைக்கும் ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.