முதலில் காது

ராத்திரி பத்து மணிக்கு மேல் மீடியம் வேவில் முள்ளைத் திருகிப் பழகியவர்களுக்கு இன்றைய விஷயம் சட்டென்று பிடிபடும். பகலெல்லாம் உள்ளூர் நிலையத்தைத் தவிர எதையும் எடுக்காத பெட்டி, இருட்டியதும் எங்கெங்கோ உள்ள நிலையங்களையெல்லாம் இழுத்து வரும். அந்த மீடியம் வேவ் முடிந்து கொஞ்சம் மேலே போனால், 1.8 மெகாஹெர்ட்ஸில், அமெச்சூர் ரேடியோக்காரர்களின் 160 மீட்டர் பேண்ட் ஆரம்பம். ‘டாப் பேண்ட்’ என்பார்கள். இதில் கடல் கடந்து தொடர்பு கொள்வதையே ஆயுட்கால வேலையாக வைத்துக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கொஞ்சம் கிறுக்கு உள்ளவர்கள்தான். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

கிறுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 20 மீட்டர் பேண்டில் மொட்டைமாடியில் பத்து மீட்டர் நீளத்துக்குக் கம்பி கட்டினால் ஐரோப்பாவைப் பிடித்துவிடலாம். 160 மீட்டரில் அதே கம்பிக்கு எண்பது மீட்டர் வேண்டும். செங்குத்தாக நிறுத்துகிறேன் என்றால் நாற்பது மீட்டர் உயரம். அவ்வளவையும் கட்டி முடித்தாலும் பகலில் பலனில்லை. தரைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் வரை, வெயில் உள்ளவரை இருக்கும் டி அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்த பிறகுதான் அது கலையும். அலை இன்னும் மேலே போய் வளைந்து திரும்பும். இரு முனைகளில் ஒன்றில் விடிகிற நேரத்திலோ அந்தி சாய்கிற நேரத்திலோ, சில நிமிடங்களுக்கு மட்டும் சத்தம் கூடிவிட்டுப் போகும். அதனால் டாப் பேண்ட்காரருக்கு உதய, அஸ்தமன நேரங்கள் பஞ்சாங்கக்காரரைவிடத் துல்லியமாகத் தெரியும்.

இதற்கு மேல் இரைச்சல் வேறு. தொலைதூர அலை வருகிற அதே வழியில்தான் உலகத்தின் இடிமின்னல் சத்தமும் வரும். வெப்பமண்டலத்தில் எப்போதும் எங்கேயாவது இடித்துக்கொண்டுதான் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சண்டை. பணம் இருந்தால் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கத்திவிடலாம். அந்தப் பக்கத்துக்காரர் அதே பலத்தோடு பதில் சொல்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவர் ஐந்து வாட்டில் கூப்பிட்டாலும் இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். இந்தப் பேண்டின் சாமர்த்தியம் முழுக்கக் கேட்பதில் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

கேட்பதன் அருமைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1921 பிப்ரவரியில் அமெரிக்க அமெச்சூர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்ப முயன்றார்கள். பிரிட்டனில் காத்திருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அமெரிக்காவின் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டர் அலைநீளத்துக்குக் கீழே தள்ளிவைத்திருந்தது. தொலைதூரத்துக்கு உதவாத அலைகள் என்று நிபுணர்கள் கைகழுவிய பகுதி அது. அடுத்த முயற்சிக்கு அவர்களுடைய சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். ஒரு காரியம் செய்தது: கேட்பதற்கென்றே ஓர் ஆளைக் கப்பலேற்றி அனுப்பியது. ரிசீவர் நிபுணரான பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்தார். டிசம்பர் குளிர், மழை, கடற்காற்று. வெளியே 1,300 அடி நீளத்துக்கு ஒரே கம்பியைத் தாழ்வாக இழுத்துக் கட்டியிருந்தார். மார்க்கோனி நிறுவனத்தின் ஆள் ஒருவர் சாட்சியாகக் கூடவே உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய மோர்ஸ் காட்லியின் ஹெட்போனில் தெளிவாக விழுந்தது. அதோடு நிற்காமல், சாதாரண வீடுகளிலிருந்து அனுப்பியவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்களையும் அவர் பதிவு செய்தார். காட்லியிடம் டிரான்ஸ்மிட்டரே கிடையாது. இரண்டு பக்கமும் பதில் பேசிக்கொள்ள 1923 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாழ்வான கம்பிக்குப் பெவரேஜ் ஆன்டெனா என்று பெயர். கண்டுபிடித்தவர் ஹெரால்ட் பெவரேஜ். அனுப்புவதற்கு அது மகா மட்டம். கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகும். கேட்கிறபோது கதையே வேறு. நீட்டிய திசையை மட்டும் கேட்டு மற்றத் திசைகளின் இரைச்சலை விட்டுவிடும். வருகிற சிக்னலும் மெலிந்துதான் போகும், ஆனால் இரைச்சல் அதைவிட மெலிந்துவிடும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், நிலம் வைத்திருக்கிற டாப் பேண்ட்காரர்கள் வயலில் இழுப்பது இதைத்தான். அனுப்ப ஓர் ஆன்டெனா, கேட்க வேறொன்று.

டாப் பேண்டின் தந்தை என்று ஸ்டூவர்ட் பெரியைச் சொல்வார்கள். பாஸ்டனை ஒட்டிய வின்த்ராப் ஊர்க்காரர், அழைப்புக்குறி டபிள்யூ1பிபி. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தையே ஆன்டெனாவுக்குத் தூணாக்கிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் நிலையங்கள் இந்தப் பேண்டில் வந்து உட்கார்ந்துகொண்டன. போருக்குப் பிறகு அமெச்சூர்களுக்குக் கிடைத்தது சிறு துண்டும் குறைந்த திறனும். அந்த இடைஞ்சலுக்குள்ளேயே பெரி ஒவ்வொரு நாடாகச் சேர்த்தார். 160 மீட்டரில் நூறு நாடுகளைத் தொட்டவர்களுக்கான முதல் சான்றிதழ் 1976-இல் அவருக்குத்தான் போனது.

லோரான் போய்விட்டது, இப்போதைய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து இந்த அலைவரிசைகளில் விடிய விடிய உறுமுகின்றன. நகரத்தில் இருப்பவருக்கு 2017-இல் வந்த எஃப்டி8 ஒரு வழி காட்டியது. இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கிய முறை அது. காதுக்கு எட்டவே எட்டாத சிக்னலையும் கணினி படித்துத் திரையில் எழுதிக் காட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் குட்டைக் கம்பியோடு இருப்பவருக்கு இது வரம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காட்லி கூடாரத்தில் செய்ததை இப்போது கணினி செய்கிறது. மனிதர் பொத்தானைத் தட்டுகிறார். இருக்கிற சுகத்தைப் பாதி இரவல் கொடுத்துவிட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

பெரியின் பெயரில் ஒவ்வொரு டிசம்பரிலும் 160 மீட்டரில் ஒரு போட்டி நடக்கிறது. மோர்ஸ் மட்டும்தான். தூரம் கூடக்கூடப் புள்ளி கூடும். நீங்கள் பிடித்த நிலையம் குறைந்த திறனில் இயங்கியிருந்தால் அந்தத் தொடர்புக்கு உங்களுக்கு இரட்டைப் புள்ளி. மிகச் சிறு திறன் என்றால் நான்கு மடங்கு.