சிங்கப்பூர் போவோம், நம் கைக்காசில்!

ஆண்டுக் கடைசியில் கடைக்கு வரும் கம்பெனிப் பிரதிநிதிகளின் கையில் ஒரு வண்ணத்தாள் இருக்கும். "அண்ணாச்சி, இன்னும் ஐந்து லட்சத்துக்குச் சரக்கு எடுத்துப் போடுங்கள், சிங்கப்பூர் டிக்கெட் உங்களுக்குத்தான்" என்பார்கள். நம்மவர்களில் பலர் வெளிநாடு பார்த்ததே இப்படித்தான். போய் வந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த டிக்கெட் இலவசம் என்ற எண்ணத்தைத்தான் விட்டுவிட வேண்டும் என்கிறோம்.

தேவைக்கு மேல் எடுத்த ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு மூன்று மாதம் குடோனில் கிடந்தால், ஒன்றரை வட்டிக்கு 22,500 ரூபாய் போகிறது. பிஸ்கட், நூடுல்ஸ் வகையறா காலாவதித் தேதியை நெருங்கிவிட்டால் விலையைக் குறைத்துத் தள்ள வேண்டும். அந்த நஷ்டம் தனி. போதாக்குறைக்கு, கம்பெனி தரும் இத்தகைய சலுகைகள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. பயணத்தின் மதிப்பு நம் வருமானக் கணக்கிலும் ஏறிவிடும். இவ்வளவுக்கும் பிறகு அந்த டிக்கெட் பெரும்பாலும் ஒருவருக்குத்தான். நாம் கொள்முதலுக்குப் போன நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்த வீட்டுக்காரம்மாவுக்கு அதில் இடமில்லை.

ஆகவே சொந்தச் செலவில், இருவராக, நான்கு நாள் போய் வருவதே மேல். கம்பெனி குறிக்கும் தேதிக்கு நாம் ஓடவும் வேண்டாம். முதல் தேதியிலிருந்து பத்து நாள் சம்பள வியாபாரம். கடையை விட்டு நகர முடியாது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. செலுத்துபவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. அதை முடித்து 21ஆம் தேதி கிளம்பினால் 25க்குள் திரும்பிவிடலாம். கல்யாணச் சீட்டு வராத ஆடி மாதம் மிக உகந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தை நினைக்கவே வேண்டாம்.

கடையைத் தம்பியிடமோ பழைய ஆளிடமோ விட்டுப் போகலாம். நாம் திரும்பும்வரை புதுக் கடன் எழுதக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். யாருமில்லை என்றால் ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிப் போட்டுச் சாத்திவிடுங்கள். நாலு நாளில் ஓடிவிடும் வாடிக்கை, கடை திறந்திருந்தாலும் ஓடத்தான் செய்யும்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேர் விமானம் உண்டு; சுமார் நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவை அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் முன்கூட்டியே வாங்க வேண்டும். போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பும் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கினால் தமிழும் இட்லியும் தாராளமாகக் கிடைக்கும். தேக்கா சந்தையை ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அடுக்குமாடி வீடுகளின் கீழே 'மாமா கடை' என்ற சிறு கடைகள் இருக்கின்றன. அங்கே கடை போட்ட தமிழர்களை 'மாமா' என்று அழைத்ததால் வந்த பெயர் அது. தொழிற்சங்கத்தினர் 1973இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஃபேர்பிரைஸ் என்ற பெரும் அங்காடித் தொடராக வளர்ந்து நிற்க, பக்கத்திலேயே இந்தச் சிறு கடைகளில் சிலவும் தாக்குப் பிடிக்கின்றன. எந்தச் சரக்கை வைத்துப் பிழைக்கிறார்கள், எதைக் கைவிட்டார்கள் என்று கேட்டு வாருங்கள். கம்பெனிக் குழுவோடு போனால் அங்கே நிற்க நேரம் தரமாட்டார்கள்.

இன்னொன்று: கிளம்புமுன் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். மெல்லும் புகையிலைக்கு அந்த நாட்டில் அடியோடு தடை. சூயிங்கம் கொண்டுபோகவும் 1992 முதல் தடை. சிகரெட் ஒரு பாக்கெட் ஆனாலும் வரி கட்டியாக வேண்டும்.